முதுமையில் பூத்த கொடிகள்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டையொட்டி, வன்னியில் வாழும் பழைய மாணவிகள் ஜெயபுரத்தில் ஒன்றுகூடியபோது ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



நூற்றாண்டு விழா என்றால் கல்லூரியின் வரலாற்றைப் பேசுவதுதான் வழக்கம். அதை என்னிலும் நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த மலரில் எழுதுகிறார்கள். நான் சித்திரம் படிப்பித்த ஆள் என்பதால், ஓவியம் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். பிரான்சைச் சேர்ந்த குளோட் மொனே என்ற ஓவியர் தன் எழுபதாவது வயதுக்குப் பிறகு, தன் வீட்டுத் தோட்டத்தில் படர்ந்த பூங்கொடிகளை வரைந்த கதையை எடுத்துக்கொண்டேன். ஜெயபுரத்தில் இருந்துகொண்டு எங்கேயோ உள்ள பிரெஞ்சுக் கிழவரின் கொடியைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்தக் கதையில் யுத்தம் இருக்கிறது. கண்பார்வை மங்குவது இருக்கிறது. தன் தூரிகையை ஒதுக்கி வைத்துவிட்டு வீட்டைப் பார்த்த பெண்ணொருத்தி இருக்கிறாள். அழிந்து காடுபத்திப் பிறகு திரும்பவும் பூத்த தோட்டம் இருக்கிறது. இவற்றில் எது எங்களுக்குப் புதிது?

மொனே 1840ஆம் ஆண்டு நவம்பர் 14இல் பாரிசில் பிறந்தார். லு ஆவ்ர் என்ற துறைமுகப் பட்டினத்தில் வளர்ந்தார். 1874இல் அவரும் நண்பர்களும் பாரிசில் தாங்களாகவே ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதில் மொனே வைத்த ஒரு படம், துறைமுகத்தில் விடியற்காலைச் சூரியன் எழும்புவது. அதற்கு ‘மனப்பதிவு: சூரியோதயம்’ என்று பெயர். லூயி லெருவா என்ற விமர்சகர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் எல்லோரும் மனப்பதிவுக்காரர்கள் என்று நையாண்டி செய்தார். நையாண்டியாகச் சொன்ன பெயரே பின்னர் மனப்பதிவுவாதம் என்ற பெரிய இயக்கத்தின் பெயராக நிலைத்தது. பொருளை வரைவதைவிட, பொருளின்மேல் அந்த நேரம் விழும் ஒளியை வரைவதே அவர்களின் நோக்கம். காலை பத்து மணிக்குத் தெரியும் வைக்கற்போரும் பின்னேரம் ஐந்து மணிக்குத் தெரியும் வைக்கற்போரும் மொனேக்கு இரண்டு வேறு படங்கள். வயல்வெளியில் வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

1883இல், தன் 42ஆவது வயதில், பாரிசில் இருந்து ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ஜிவேர்னி என்ற கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். கையில் காசு சேர்ந்தபின், 1890இல், அதை வளவோடு வாங்கினார். 1893இல் பாதைக்கு அப்பால் இருந்த ஈரநிலத் துண்டு ஒன்றையும் வாங்கி, பக்கத்தில் ஓடிய சிற்றாற்றில் இருந்து தண்ணீர் திருப்பிக் குளம் வெட்ட அனுமதி கேட்டார். ஊரவர்கள் மறுத்தார்கள். இந்த ஆள் கொண்டுவந்து நடும் அந்நியச் செடிகள் தண்ணீரை நஞ்சாக்கிவிடும் என்று பயந்தார்கள். வாய்க்கால் தண்ணீருக்காகக் கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் நடக்கும் வாக்குவாதங்களைக் கண்ட எங்களுக்கு அந்த ஊரவர்களின் கவலையும் விளங்கும். கடைசியில் அனுமதி கிடைத்தது. குளம் வந்தது, அல்லி வந்தது, குளத்துக்குக் குறுக்கே யப்பானியப் பாணியில் வளைந்த மரப்பாலம் ஒன்றும் வந்தது. பாதையில் எழும்பும் தூசி அல்லி இலைகளில் படியாமல் துடைப்பதற்கே தோட்டக்காரர் இருந்தாராம். எங்கள் கிரவல் றோட்டுக் கரைகளில் நிற்கும் செடிகளை மொனே கண்டிருந்தால் எத்தனை பேரைச் சம்பளத்துக்கு வைத்திருப்பாரோ தெரியாது.

1899இல் அவர் அந்தப் பாலத்தை வரைந்த படங்களில் பாலம் வெறும் பாலமாகவே இருக்கிறது. மேலே பந்தல் இல்லை. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1905 அளவில், பாலத்துக்கு மேலே ஒரு வளைவு கட்டி, அதில் விஸ்டீரியா என்ற கொடியைப் படரவிட்டார். பிரெஞ்சுக்காரர் அதைக் கிளிசின் என்பார்கள். அது எங்கள் அவரை, சங்குப்பூ எல்லாம் சேர்ந்த அதே குடும்பத்துக் கொடி. ஆனால் அடிமரம் வைரம் பாய்ந்து மரம்போல் தடிக்கும். வசந்தகாலத்தில் இளம் ஊதா நிறத்திலும் வெள்ளையிலும் பூக்கள் கொத்துக்கொத்தாகத் தலைகீழாகத் தொங்கும். திருக்கொன்றைக் கொத்துத் தொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கத்தரிப்பூ நிறத்தைப் போடுங்கள். அதுதான் விஸ்டீரியா. வீட்டு வாசலுக்கு நேரே போகும் நடைபாதையில் இரும்பு வளைவுகள் நட்டு, அவற்றில் கொடிரோசாக்களை ஏற்றினார். கீழே, பாதையின் இரு கரையிலும் நஸ்ரேர்ஷியம் கொடி நிலத்தில் படர்ந்து நடுப்பாதையை மூடும். கோவில் வீதியில் பந்தலுக்குக் கீழே நடப்பதுபோல், பூவுக்குக் கீழே நடந்துதான் அந்த வீட்டுக்குப் போகவேண்டும்.

இனித்தான் நான் சொல்லவந்த காலம் தொடங்குகிறது. 1911இல் மொனேயின் மனைவி அலிஸ் காலமானார். 1912இல் இரண்டு கண்ணிலும் புரை என்று வைத்தியர் சொன்னார். 1914 பெப்ரவரியில் மூத்த மகன் ஜோன் நோயுற்று இறந்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் முதலாம் உலக யுத்தம் வெடித்தது. இளைய மகன் மிஷெல் படையில் இருந்தார். ஜேர்மன் படைகள் பாரிசை நோக்கி வந்தபோது ஜிவேர்னியில் இருந்தும் பலர் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். மொனே போகவில்லை. சாவதென்றால் என் படங்களுக்கு நடுவில் சாகிறேன் என்ற கருத்தில் நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

இந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் நிற்கவேண்டும். இருந்த இடத்தில் இருப்பேன் என்று சொல்ல அவருக்கு முடிந்தது. சண்டை அந்தக் கிராமத்துக்குள் வரவில்லை. 2008இல் மேற்கில் இருந்து ஷெல் வரத்தொடங்கியபோது, ஜெயபுரத்திலோ முளங்காவிலிலோ எவருக்கும் அப்படித் தெரிவு செய்யும் வசதி இருக்கவில்லை. ஒவ்வொரு இடமாகக் கிழக்கே நகர்ந்தோம். ஆகவே மொனேயை வீரராகவோ ஞானியாகவோ காட்ட நான் வரவில்லை. ஆனால் அவர் இன்னொரு விசயமும் எழுதியிருக்கிறார். இத்தனை பேர் செத்துக்கொண்டும் துன்பப்பட்டுக்கொண்டும் இருக்கும் நேரத்தில், நிறத்தையும் வடிவத்தையும் பற்றி நான் ஆராய்ந்துகொண்டிருப்பது வெட்கமாக இருக்கிறது என்ற கருத்துப்பட, 1914 முடிவில் ஒரு நண்பருக்கு எழுதினார். அந்த வெட்கம் எங்களுக்கும் தெரியும். யுத்தத்துக்குப் பிறகு திரும்பவும் பள்ளிக்கூடத்தில் சித்திரபாடம் தொடங்கியபோது, தகப்பனைத் தேடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, பிள்ளைகளே, இன்றைக்கு ஒரு பூ வரைவோம் என்று சொல்லும்போது என் தொண்டை அடைத்தது. ஆனால் பிள்ளைகள் வரைந்தார்கள். மற்றப் பாடங்களில் வாய் திறக்காத பிள்ளையும் சித்திர நேரத்தில் சிவப்புப் பென்சில் யாரிடம் இருக்கிறது என்று கேட்டது. அந்தக் கேள்வியோடுதான் சில பிள்ளைகள் திரும்பவும் கதைக்கத் தொடங்கினார்கள்.

மொனேயும் வெட்கப்பட்டுக்கொண்டே வரைந்தார். யுத்தத்தின் நடுவில், பெரிய படங்கள் வரைவதற்கென்றே கண்ணாடிக் கூரை போட்ட பெரிய ஓவியக்கூடம் ஒன்றைக் கட்டினார். அங்கே ஆளுயரத்துக்கும் மேலான துணிகளில் குளத்தையும் அல்லியையும் வரைந்தார். 1918 நவம்பர் 11இல் யுத்தம் ஓய்ந்தது. மறுநாளே தன் பழைய நண்பரும் அப்போதைய பிரதமருமான ஜோர்ஜ் கிளமென்சோவுக்குக் கடிதம் எழுதி, இரண்டு படங்களை நாட்டுக்குத் தருவதாகச் சொன்னார். கிளமென்சோ, இரண்டு போதாது, முழுத் தொகுதியையும் தாருங்கள் என்று விடாப்பிடியாக நின்றார். அப்படி வளர்ந்ததுதான் இன்று பாரிசில் ஒறான்ஜெரி நூதனசாலையின் இரண்டு முட்டைவடிவ மண்டபங்களில் சுற்றிவர ஒட்டியிருக்கும் 22 துணிகள். எல்லாவற்றையும் நீளமாக வைத்தால் ஏறத்தாழ 90 மீற்றர் வரும்.

அல்லிப் படங்களை உலகமே அறியும். நான் சொல்ல விரும்புவது அவற்றின் பின்னால் மறைந்துபோன விஸ்டீரியாப் படங்களைப் பற்றி. முதலில் அந்தத் தொகுதிக்குப் பாரிசில் வேறோர் இடத்தில், சிற்பி றொடானின் நூதனசாலை வளவில், புதுக் கட்டடம் கட்டுவதாக இருந்தது. அங்கே கீழே அல்லிக் குளமும் அதற்கு மேலே, சுவரும் கூரையும் சந்திக்கும் இடத்தில், விஸ்டீரியாக் கொடியும் சுற்றிவர ஓடவேண்டும் என்று மொனே திட்டமிட்டார். பந்தலுக்குக் கீழே குளக்கரையில் நிற்பதுபோல் இருக்கவேண்டும். 1921இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டு ஒறான்ஜெரிக்கு மாறியபோது, மேலே கொடிக்கு இடமில்லாமல் போனது. விஸ்டீரியாப் படங்கள் ஓவியக்கூடத்திலேயே கிடந்தன. வாங்கவும் ஆளில்லை. இன்று அவை பாரிசின் மார்மொத்தான் நூதனசாலையிலும், நெதர்லாந்தின் ஹேக் நகரிலும், அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரி நூதனசாலையிலும் சிதறி இருக்கின்றன.

மார்மொத்தானில் இருப்பவை ஒவ்வொன்றும் ஒரு மீற்றர் உயரம், மூன்று மீற்றர் நீளம். முன்னால் நின்று பார்த்தால் கொடி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாது. தூண் இல்லை, வேலி இல்லை, நிலம் இல்லை. வெளிறிய நீலமும் பச்சையும் கலந்த வெளியில் ஊதாக் கீற்றுகள் தொங்குகின்றன. தூரிகை போன போக்கு அப்படியே தெரியும். இலையை இலையாக, பூவைப் பூவாக வரையவில்லை. பந்தலுக்குக் கீழே பாயில் படுத்து அண்ணாந்து பார்த்த பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. காற்றடிக்கும்போது இலையும் பூவும் வெளிச்சமும் ஒன்றாக அசையும். எது எது என்று பிரித்துப் பார்க்கமுடியாது. அந்த அசைவுதான் படம்.

எங்கள் மண்ணிலும் கொடிகளுக்குக் குறைவில்லை. முல்லைக்கொடியின் பெயரை ஒரு மாவட்டமே சுமக்கிறது. கொழுகொம்பில்லாமல் நின்ற முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியின் கதையைப் பாலர் வகுப்பிலேயே கேட்டவர்கள் நாங்கள். வேலியில் சங்குப்பூ, கிணற்றடியில் மல்லிகைப் பந்தல், படலையில் கடதாசிப்பூ, குசினிக்குப் பின்னால் கொடித்தோடை, பீர்க்கு, பாகல். கார்த்திகை மழைக்கு நிலத்துக்குள் இருந்து எழும்பும் காந்தள். காந்தளுக்கு இந்த மண்ணில் பல அர்த்தங்கள் ஏற்றப்பட்டுவிட்டன. நான் இன்று செடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கோடை முழுவதும் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். மேலே எல்லாம் எரிந்துபோனாலும் அது கிடக்கும். மழை விழுந்ததும் எழும்பும். இலை நுனியே சுருண்டு கையாகி வேலியைப் பிடிக்கும். பூ முதலில் பச்சையாக விரியும், பிறகு மஞ்சளாகும், பிறகு செம்மஞ்சளாகிச் சிவக்கும். ஒரே பூ நாளுக்கொரு நிறம். மொனே ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரைந்தது ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், ஒரு காந்தள் பூவை ஒரு கிழமைக்கு நாள்தோறும் வரையச் சொல்லுங்கள். பதில் கொப்பியிலேயே வந்துவிடும். கிழங்கு நஞ்சு என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.

இனிக் கண்ணின் கதை. முன்வரிசையில் இருக்கும் அக்காமாருக்கு இது முக்கியம். கண்புரை வந்தால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி மங்கும். மஞ்சள் கண்ணாடிக்குள்ளால் உலகத்தைப் பார்ப்பதுபோல இருக்கும். அந்த மஞ்சள் முதலில் மறைப்பது நீலத்தையும் ஊதாவையும்தான். யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் விஸ்டீரியா ஊதாவாகப் பூத்துத் தொங்குகிறது. வரைபவரின் கண்ணில் மெல்ல மெல்ல இல்லாமல் போவதும் அதே ஊதாதான். நிறத்தைக் கண்ணால் நம்பமுடியாமல் போனபோது, வர்ணக் குழாயில் ஒட்டியிருந்த பெயரை வாசித்தும், பலகையில் எந்த நிறம் எங்கே இருக்கும் என்ற பழக்கத்தை வைத்தும் அவர் வரைந்தார். வெயில் கூசாமல் அகன்ற விளிம்புள்ள தொப்பி போட்டார். 1918க்கும் 1924க்கும் இடையில் வரைந்த பாலப் படங்களையும் ரோசா வளைவுப் படங்களையும் பார்த்தால், குளிர்ந்த பச்சையும் நீலமும் இருந்த இடத்தில் செங்கல் சிவப்பும் பழுப்பும் எரிமஞ்சளும் கொதிக்கின்றன. பாலம் எது, கொடி எது என்று தேடவேண்டியிருக்கும். இதில் எவ்வளவு கண்நோயால் வந்தது, எவ்வளவு அவர் வேண்டுமென்றே செய்தது என்று இன்றும் வாதாடுகிறார்கள்.

சத்திரசிகிச்சைக்கு அவர் மிகவும் பயந்தார். தானும் வைத்தியம் படித்தவரான கிளமென்சோ வற்புறுத்தி வற்புறுத்தி, 1923இல் வைத்தியர் சார்ல் குத்தேலா வலது கண்ணில் சத்திரசிகிச்சை செய்தார். அந்தக் காலத்தில் புரை பிடித்த வில்லையை எடுப்பார்களே தவிர, அதற்குப் பதிலாக ஒன்றையும் வைக்கமாட்டார்கள். நாட்கணக்கில் அசையாமல் படுத்திருக்கவேண்டும். பிறகு தடித்த மூக்குக்கண்ணாடி. மஞ்சள் திரை போனதும் எல்லாம் அளவுக்கு மேல் நீலமாகத் தெரிகிறது என்று மொனே கோபித்தார். வேறு வேறு நிறக் கண்ணாடிகள் போட்டுப் பார்த்தார்கள். பொருத்தமான கண்ணாடி கிடைத்த பின், ஒறான்ஜெரிக்குப் போகவேண்டிய படங்களைத் தொடர்ந்து திருத்தினார். இடது கண்ணில் கை வைக்க விடவே இல்லை.

இன்று நிலைமை அப்படியல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானங்களின் பிளாஸ்டிக் மூடி நொறுங்கி விமானிகளின் கண்ணுக்குள் துகள் போனது. அந்தத் துகளைக் கண் வெறுக்கவில்லை என்பதை ஹரோல்ட் றிட்லி என்ற ஆங்கிலேய வைத்தியர் கவனித்தார். அதே வகைப் பொருளில் வில்லை செய்து, 1949இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். இன்று எங்கள் ஆஸ்பத்திரிகளில் செய்வது அதன் வழிவந்ததே. பெரும்பாலும் அரைமணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். ஆனால் எத்தனை அம்மாமார், எனக்கென்ன இனிப் படிக்கவா இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, பேரப்பிள்ளையின் சட்டை நீலமா பச்சையா என்று தெரியாமல் இருக்கிறார்கள்! வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளே, அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது அம்மாவிடம் கண்ணைப் பற்றியும் கேளுங்கள்.

இப்போது அந்த வீட்டில் இருந்த பெண்ணைப் பற்றி. அவர் பெயர் பிளான்ஷ். 1865இல் பிறந்தவர். மொனேயின் மனைவி அலிசுக்கு முதல் திருமணத்தில் பிறந்த மகள். பின்னர் மொனேயின் மூத்த மகன் ஜோனை மணந்து மருமகளுமானார். சின்ன வயதில் இருந்தே மொனேக்குப் பக்கத்தில் தன் சொந்தச் சட்டத்தை வைத்து வரைந்தவர். நல்ல ஓவியர். 1914இல் கணவரை இழந்தபின் ஜிவேர்னி வீட்டுக்கே வந்து, முதியவரின் சாப்பாடு, மருந்து, கோபம், படத்துணி, விருந்தினர் எல்லாவற்றையும் பார்த்தார். கிளமென்சோ அவரை நீல தேவதை என்று அழைப்பாராம். மொனே கடைசிவரை வரைந்தாரென்றால் பிளான்ஷ் பக்கத்தில் இருந்தபடியால்தான். அந்த ஆண்டுகளில் அவர் தன் தூரிகையைப் பெரும்பாலும் தொடவில்லை. 1926 டிசம்பர் 5இல் மொனே 86ஆவது வயதில் காலமான பின், அறுபதைத் தாண்டிய பிளான்ஷ் திரும்பவும் வரையத் தொடங்கினார். 1947இல் இறக்கும்வரை அந்தத் தோட்டத்தைக் காத்து, அதையே வரைந்தார்.

பெண்கள் பாடசாலையொன்றின் பழைய மாணவிகளுக்கு நான் இதை இழுத்து விளக்கவேண்டுமா? எங்கள் வகுப்புகளில் எத்தனை பேர் பாடினார்கள், ஆடினார்கள், கவிதை எழுதினார்கள்! சாதாரணதரத்தில் சித்திரத்துக்கு அதிவிசேட சித்தி எடுத்த எத்தனை பேர் அதற்குப் பிறகு கோலத்தைத் தவிர வேறொன்றும் வரையவில்லை! மாமியைப் பார்த்தோம், பிள்ளையைப் பார்த்தோம், இடம்பெயர்ந்தோம், காணாமல் போனவரைத் தேடினோம். அதற்கெல்லாம் யாரும் எங்களிடம் கணக்குக் கேட்கத் தேவையில்லை. ஆனால் அறுபது வயதில் பிளான்ஷ் பெட்டியைத் திறந்து பார்த்தபோது தூரிகை அங்கேதான் இருந்தது. உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

மொனே இறந்து ஐந்து மாதங்கள் கழித்து, 1927 மே 17இல் ஒறான்ஜெரி மண்டபங்கள் திறக்கப்பட்டன. பல ஆண்டுகளாக அங்கே போக ஆளில்லை. கண் தெரியாத கிழவர் கிறுக்கியது என்றுதான் பலர் நினைத்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வந்த இளம் ஓவியர்களே அந்தப் படங்களின் பெறுமதியை உணர்ந்தார்கள்.

ஹேக் நகரில் உள்ள விஸ்டீரியாப் படத்துக்கு இன்னொரு கதை உண்டு. அந்த நூதனசாலை அதை 1961இல் வாங்கியது. 2019இல் ஒரு கண்காட்சிக்காக அதைச் சுத்தம் செய்து ஆராய்ந்தபோது, துணியில் சின்னச்சின்ன ஓட்டைகளை யாரோ மூடி மறைத்திருப்பதைப் பராமரிப்பு நிபுணர் கண்டார். ஓட்டைகளுக்குள் கண்ணாடித் துகள்கள் இருந்தன. இரண்டாம் உலக யுத்தக் குண்டுவீச்சில் மொனேயின் ஓவியக்கூடத்துக் கண்ணாடிக் கூரை நொறுங்கி விழுந்தபோது அவை துணிக்குள் போயிருக்கவேண்டும் என்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், ஊதாப் பூக்களுக்குக் கீழே அல்லிப்பூக்கள் வரையப்பட்டு மூடப்பட்டிருந்தன. உடம்புக்குள் துகள்களோடு வாழும் எத்தனையோ பேர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். இந்தச் செய்தியை வாசித்தபோது, அந்தப் படமும் எங்களில் ஒன்று என்று எனக்குப் பட்டது.

தோட்டத்துக்கும் அதே கதிதான். பிளான்ஷ் போனபின் அது கவனிப்பாரற்றுப் போனது. 1966இல் இளைய மகன் மிஷெலும் இறக்க, வீடும் வளவும் பிரான்சின் நுண்கலைக் கழகத்துக்குச் சேர்ந்தன. 1977இல் ஜெரால்ட் வான் டெர் கெம்ப் என்பவர் திருத்த வந்தபோது யன்னல் கண்ணாடிகள் சுக்குநூறாகக் கிடந்தன. தரைப்பலகை உக்கி, படிக்கட்டு விழுந்து, பெரிய ஓவியக்கூடத்துக்குள் மூன்று மரங்கள் வளர்ந்து நின்றன. குளத்தைத் திரும்பவும் வெட்டவேண்டியிருந்தது. மரப்பாலம் உக்கிப்போனதால் புதிதாகச் செய்தார்கள். ஆனால் பாலத்தின் விஸ்டீரியாவைப் புதிதாகத் தேடவேண்டியிருக்கவில்லை. அது மொனே நட்டதே. 1980இல் தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

மீளக்குடியேற்றத்துக்கு வந்தபோது நாங்களும் இதைக் கண்டோம். வீடு இருந்த இடத்தில் பற்றை. கூரையில்லை, கதவில்லை, யன்னலில்லை. சிலருக்கு வளவின் எல்லையைக் காட்டியது கிணறு. சிலருக்குப் பனை. எங்கள் வளவில் கிணற்றடி மல்லிகை, பந்தல் விழுந்தபின் நிலத்திலேயே படர்ந்து, பக்கத்து வேலிப் பூவரசில் ஏறிப் பூத்து நின்றது. அதற்கு முதலில் ஒரு தடி நட்டோம். தறப்பாள் கொட்டில் அதற்குப் பிறகுதான்.

வெளிநாட்டில் வாழும் சகோதரிகளுக்குச் சில வழிகளும் சொல்லிவிடுகிறேன். பாரிசில் லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள், பக்கத்தில் மார்க்ஸ் டோர்முவாவில் 12ஆம் இலக்க மெற்றோ ஏறினால் நேரே கொன்கோர்டில் இறங்கலாம். ஒறான்ஜெரி அங்கேயே இருக்கிறது. ஜிவேர்னிக்கு சென் லசார் நிலையத்தில் இருந்து வேர்னோனுக்கு ரயில், அங்கிருந்து பஸ். விஸ்டீரியா பார்க்கவேண்டுமானால் ஏப்ரல் கடைசியில் அல்லது மே தொடக்கத்தில் போங்கள். லண்டனில் இருப்பவர்கள் தேசிய ஓவியக்கூடத்தில் 1899ஆம் ஆண்டுப் பாலத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். பந்தல் போடுமுன் இருந்த பாலம் அது. சுவிசில் இருப்பவர்களுக்கு சூரிச்சிலும் பாசலுக்குப் பக்கத்தில் ரீகனிலும் பெரிய அல்லிப் படங்கள் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். போய், அம்மம்மா வீட்டுப் பந்தலும் இப்படித்தான் இருந்தது என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1938இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை வின்சர் சித்திரக் கழகத்தைத் தொடங்கினார். பிறகு மாற்கு மாஸ்டர் போன்றவர்கள் எத்தனையோ மாணவ மாணவியருக்கு வரையக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தத் தலைமுறைகள் வரைந்தவற்றில் பெரும்பகுதி இடப்பெயர்வுகளில் அழிந்துவிட்டது. எங்கள் வளவுகளின் படங்களும் எங்களிடம் இல்லை. அல்பங்களை எங்கெங்கோ விட்டுவிட்டு வந்தோம். ஆகவே இந்த நூற்றாண்டு ஆண்டில் ஒவ்வொரு பழைய மாணவியும், தான் பிறந்த வீட்டில் நின்ற ஒரு கொடியை, ஞாபகத்தில் இருக்கிறபடி, ஒரு தாளில் வரைந்து சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். வரையத் தெரியாது என்று யாரும் சொல்லக்கூடாது. கொடியின் பெயர், ஊர், அது எந்தப் பக்கத்தில் நின்றது, யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்பவற்றைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். வண்ணப் பென்சில் இல்லையென்றால் நிறத்தின் பெயரை எழுதுங்கள். மொனேயும் குழாயில் இருந்த பெயரை வாசித்துத்தான் வரைந்தார். ஊரில் இருப்பவர்கள் மாரி தொடங்கும்போது உங்கள் வளவுக் கொடியில் ஒரு தண்டை வெட்டிக் கல்லூரிக்குக் கொண்டுவாருங்கள். பந்தல் போடத் தடியும் கம்பியும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.